விருப்பக் குறிப்பு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரசிகர் புனைவுப் பரிசுப் பரிமாற்றத்தில் இம்முறை பெயர் பதியவிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கும், கடல் கடந்த ஊர்களிலிருந்து எங்களோடு சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

இந்தப் பரிமாற்றத்தில், ஏற்கெனவே உள்ள ஒரு கதையின் (அதுதான் மூலக்கதை) பாத்திரங்களை வைத்து ஒருவர் இன்னொருவருக்குப் பரிசாகப் புதுக்கதை எழுதிக் கொடுக்கிறார். பதிவுப் படிவத்தின் கடைசியில், விருப்பக் குறிப்பு எழுத, "உங்கள் எழுத்தாளருக்குச் சொல்ல விரும்புவது" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தொடாமலே படிவத்தை அனுப்பிவிடுவோர் உண்டு. "எதுவும் பரவாயில்லை, எது எழுதினாலும் சந்தோசம்" என்ற ஒரு வரியோடு விடுவோரும் உண்டு. எழுதுபவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற நல்ல மனத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்த வரியை வாங்குகிறவர் உங்களை அறியாதவர். கதை வெளியாகி, பெயர்கள் அறிவிக்கப்படும்வரை அவர் யாரென்று உங்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் அவர் உங்களிடம் நேரே ஒரு கேள்வி கேட்கவும் வழியில்லை. உங்களைப் பற்றி அவர் கையில் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதை வடிவாக நிரப்பித் தரும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் பொருத்தம் பார்க்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். அது விளங்காததால் வரும் பிழைகள் பல. படிவத்தில் நீங்கள் இரண்டு பட்டியல்கள் தருகிறீர்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்கும் மூலக்கதைகளும் பாத்திரங்களும் ஒரு பட்டியல். எழுதித் தருவேன் என்று ஒப்புக்கொள்ளும் மூலக்கதைகளும் பாத்திரங்களும் மற்றது. உங்கள் கேட்பில் ஏதாவது ஒன்று, அதாவது ஒரு மூலக்கதையும் அதில் நீங்கள் கேட்ட பாத்திரங்கள் எல்லாரும், இன்னொருவரின் ஒப்புதலோடு சேர்ந்தால் அவர் உங்களுக்கு எழுதுவார். அந்த நேரத்தில் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை. படிவத்தில் மாதவி, கண்ணகி இருவரையும் தெரிவுசெய்துவிட்டு, குறிப்பில் மட்டும் "மாதவிதான் முக்கியம், கண்ணகி வராவிட்டாலும் சரி" என்று எழுதினால், மாதவியை மட்டும் எழுதச் சம்மதித்தவர் உங்களுக்குப் பொருந்தவே மாட்டார். நல்ல ஒரு எழுத்தாளர் கைநழுவிப் போகிறார். பட்டியலில் தெரிவுசெய்ய வேண்டியதைக் குறிப்பில் எழுதிச் சரிசெய்ய முடியாது.

எழுத்தாளரைக் கட்டுப்படுத்துபவை நான்கே நான்கு: பொருந்திய மூலக்கதை, பொருந்திய பாத்திரங்கள், குறைந்தது 1000 சொல், உங்கள் வேண்டாப் பட்டியல் (கதையில் வரவே கூடாது என்று நீங்கள் சொல்பவை). மற்ற எல்லாம் அவருக்கு உதவி, அவ்வளவே. நீங்கள் தந்த யோசனை ஒன்றையும் எடுக்காமல், உங்கள் பாத்திரங்களை வைத்துத் தானே ஒன்றை யோசித்து அவர் எழுதினாலும் அது முறையான பரிசுதான். இந்த ஒழுங்கு எங்களுடையதும் இல்லை. அதிகம் எழுதப்படாத மூலக்கதைகளுக்காக 2003 இல் தொடங்கி ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் நடந்துவரும் யூல்டைட் பரிமாற்றத்திலும் இதே 1000 சொல்தான். குறிப்பில் வரும் விபரங்களை எழுத்தாளர் எடுக்கலாம், விடலாம் என்பதும் அங்கே நெடுநாளாக இருக்கும் வழக்கம்.

எடுக்கலாம், விடலாம் என்றால் பிறகு ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். எழுத உட்காருபவருக்குக் கற்பனைக்குப் பஞ்சமிருக்காது. பத்து வழி தெரியும். அந்தப் பத்தில் எது உங்களைச் சந்தோசப்படுத்தும் என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லும் குறிப்பு நல்ல குறிப்பு. உங்கள் கதையை முன்கூட்டியே எழுதிவிடும் குறிப்பு அந்த வேலையைச் செய்வதில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தில், கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த ஆய்ச்சி மாதரியின் மகள் ஐயையைக் கேட்கிறீர்கள். "ஐயையைப் பற்றி ஏதாவது. எனக்கு அவளைப் பிடிக்கும்" என்று எழுதினால் எழுத்தாளர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐயையை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அவ்வளவு பெரிய கதையில் அவளுக்குக் கிடைப்பது ஒரு சின்ன வேலை. மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கும்போது வைக்கோல் தீ மூட்டிக் கொடுக்கிறாள். கோவலன் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு அது. பெரிய வீட்டுப் பெண்ணுக்குக் காய் அரிந்து விரல் சிவந்து, முகம் வியர்த்ததை அவள் கவனித்திருப்பாளா? தாய் மாதரியும் போனபிறகு அவள் அடுப்பு மூட்டும்போது எதை நினைப்பாள்? இல்லாவிட்டால், கண்ணகியின் தோழி தேவந்தியோடும் செவிலித்தாயோடும் சேரநாட்டுக்குப் போகும் வழியில் அவர்கள் என்ன கதைத்திருப்பார்கள்? சமையல் விபரம் எவ்வளவு வந்தாலும் விருப்பம். கோவலன் கதைக்குள் வராவிட்டாலும் எனக்குக் குறையில்லை."

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஏன் பிடிக்கும் என்பது முதலிலேயே வந்துவிட்டது. பெரிய நிகழ்ச்சியின் ஓரத்தில் நிற்கும் சின்ன ஆளைத்தான் இவர் விரும்புகிறார் என்று எழுத்தாளருக்கு விளங்கிவிடும். தந்த இரண்டு யோசனையும் பிடிக்காவிட்டாலும், குரவை ஆடிய மற்ற இடைப்பெண் ஒருத்தியின் கண்ணோடு ஐயையைப் பார்த்து ஒரு கதை எழுதலாம் என்று அவருக்கே தோன்றும். மூலத்தில் எந்த இடம் என்பதும் தெளிவு. கொலைக்களக் காதையைத் திருப்பி வாசித்தால் சாலி அரிசியும் மாங்கனியும் வாழை இலையும் அவருக்குக் கிடைக்கும். கேள்விகள் எல்லாம் முடிவு சொல்லாத கேள்விகள். கடைசி இரண்டு வரியும் அளவு சொல்கின்றன: எது கூடலாம், எது இல்லாமலும் போகலாம். மொத்தம் அறுபது சொல்லுக்குச் சற்றுக் கூட.

பிடிக்கும் காரணத்தைத் தேடும்போது "அன்பு, நட்பு, தியாகம்" என்ற மட்டத்தில் நின்றுவிடாதீர்கள். இவை எல்லாக் கதைக்கும் பொருந்தும். பொருந்துவதால் ஒன்றையும் சொல்வதில்லை. "வாயால் சொல்லாமல், செய்து கொடுக்கும் ஒரு வேலையில் அக்கறையைக் காட்டும் ஆட்கள்", "ஒருவரையொருவர் வெறுக்க எல்லாக் காரணமும் இருந்தும் மரியாதை விடாத இரண்டு பெண்கள்", "கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் காத்திருப்பது" என்று இறங்கிச் சொல்லுங்கள். மாதவி கோசிகன் கையில் அனுப்பும் இரண்டாவது கடிதத்தை வாசித்த கோவலன், அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்கும்படி திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தன் கடிதம் மாமன் மாமி கையில் இருக்கிறது என்று மாதவிக்கு எப்போது தெரிந்திருக்கும்? காத்திருப்பு பிடிக்கும் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எழுத்தாளர் அந்த இடத்தைத் தானே கண்டுபிடிப்பார்.

ஒரு மூலக்கதைக்கு மூன்று, நான்கு யோசனை போதும். ஆனால் நான்கும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. நான்கும் காதல் என்றால், காதல் எழுத வராதவர் தவித்துப்போவார். மூலத்தில் சொல்லாமல் விட்ட ஒரு இடைவெளி, "இப்படி நடந்திருந்தால்" என்ற ஒரு மாற்றம், இரண்டு பேருக்கிடையிலான ஒரு உறவு, வேறு காலம் வேறு ஊரில் வைத்த ஒரு மாற்று உலகம் என்று பிரித்துக் கொடுங்கள். பாத்திரங்களையும் அளவாகக் கேளுங்கள். 1000 சொல் என்பது ஒரு காட்சி, கூடினால் இரண்டு. கண்ணகி, மாதவி, தேவந்தி, கவுந்தியடிகள், வசந்தமாலை என்று ஐந்து பேரைக் கேட்டால் எல்லாரும் வந்து ஒரு வசனம் பேசிவிட்டுப் போவதற்கே இடம் காணாது. இரண்டு பேர் நல்ல அளவு.

எந்த வடிவம் உங்கள் மூலம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் இது மற்ற இடங்களைவிட முக்கியம். கண்ணகியைக் கேட்கும் ஒருவர் சிலப்பதிகாரத்தின் மாநாய்கன் மகளை நினைத்துக் கேட்கலாம். கண்ணகி வழக்குரை நூலில் மாங்கனியில் பிறக்கும் கண்ணகியை நினைத்தும் கேட்கலாம். சிறுவயதில் பார்த்த கோவலன் கூத்தை நினைத்தும் கேட்கலாம். மூன்றும் மூன்று பெண்கள். பாரதமும் அப்படித்தான். கர்ணன் களத்தில் விழுந்து கிடக்கும்போது, அந்தணர் வேடத்தில் வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியத்தைத் தாரை வார்க்கும் இடம் வில்லிபாரதத்தில் உண்டு, வியாசரிடம் இல்லை. அந்த இடத்தை மனதில் வைத்துக் கேட்டு, வியாசரை மட்டும் வாசித்தவர் பொருந்தினால் இருவருக்கும் ஏமாற்றம். பொன்னியின் செல்வன் கேட்பவர்கள் நாவலா, 2022 இலும் 2023 இலும் வந்த படங்களா என்று கட்டாயம் சொல்ல வேண்டும். படத்தில் மணிமேகலை இல்லவே இல்லை. நாவலில் சேந்தன் அமுதன்தான் உத்தம சோழனாக முடி சூடுகிறான். படத்தில் முடி மதுராந்தகனுக்கே போகிறது. "பட்டாபிசேகத்துக்கு முதல் நாள் இரவு" என்று கேட்டால், யாருடைய இரவு என்பதே இதைப் பொறுத்தது.

காத்தவராயன் கூத்தைக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வடமராட்சியில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது நாவிலேயே இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு அச்சில் தேடிப் படிப்பதே பாடு, படித்தாலும் ஊருக்கு ஊர் பாட்டும் கட்டமும் வேறுபடும். ஆகவே உங்கள் ஊரில் ஆடும் கதையை ஐந்தாறு வரியில் சுருக்கித் தாருங்கள். காணொளி இருந்தால், முழுதையும் அவர் தலையில் கட்டாமல், நீங்கள் நினைக்கும் இடம் எந்த மணி எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவிடுங்கள். ஒரே காத்தவராயனை வயதுக்கேற்ப வேறு வேறு நடிகர்கள் ஆடுவதால், எந்தப் பருவத்துக் காத்தவராயன் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். முத்துமாரியிடம் பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்கும், ஆரியமாலாவுக்காகக் கழுமரம் வரை போகிறவனுக்கும் எழுத்து வேறு. கூத்துப் பாட்டின் சிந்துநடையிலேயே ஒரு துண்டு எழுதித் தந்தாலும் விருப்பம் என்றால் அதையும் போடுங்கள். பாட்டுக் கட்ட வரும் ஒருவர் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம், நீங்கள் சொல்லாவிட்டால் அவர் துணியமாட்டார்.

இனி மறுபக்கம். சிலர் குறிப்பில் முழுக்கதையையும் எழுதிவிடுகிறார்கள். மாதவி புகாரிலிருந்து புறப்படுகிறாள், வழியில் கவுந்தியடிகளைச் சந்திக்கிறாள், வையைக் கரையில் கண்ணகியைக் கண்டு மன்னிப்புக் கேட்கிறாள், கண்ணகி இன்ன வசனம் சொல்கிறாள், இருவரும் சேர்ந்து அரண்மனைக்குப் போகிறார்கள். ஆசை நல்லது. ஆனால் இதை வாங்கும் எழுத்தாளருக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் மனதில் கண்ட படத்தோடு தன் எழுத்து ஒத்துப்போகுமா என்ற பயம்தான் மிச்சம். வாசிக்கும் உங்களுக்கும் அடுத்த வரி முன்பே தெரியும். அந்தத் திட்டத்திலிருந்து உங்களை அதிகம் இழுப்பது எது என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை. உங்கள் ஆசையின் வேர் அதுதான் என்றால் இப்படிச் சுருக்கலாம்: "இவர்கள் ஒருநாள் நேரில் சந்தித்தால்? இடம், காலம், யார் முதலில் வாய் திறப்பது எல்லாம் உங்கள் விருப்பம். மன்னிப்பு கட்டாயமில்லை." அந்த வசனம் மனதில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றால், கதையை நீங்களே எழுதுங்கள். அதற்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

வேண்டாப் பட்டியல் எழுதுவதுதான் கடினம். அது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தும் பகுதி என்பதால் அதில் ஒரு சொல் மங்கலாக இருந்தாலும் ஆபத்து. "சோகம் வேண்டாம்" என்று சிலப்பதிகாரத்துக்கு எழுதினால் என்ன பொருள்? கோவலன் கொலைப்படாத கதை வேண்டுமா, கொலைப்பட்டபின் நடக்கும் கதையில் அழுகை வேண்டாமா, கொலைக்கு முந்திய காலம் மட்டுமா? எழுத்தாளர் பயந்துபோய்க் கோவலனும் கண்ணகியும் மணமான புதிதில் சிரித்துப் பேசும் இரண்டு பக்கத்தை எழுதிவிட்டு ஒதுங்குவார். "கோவலன் கொலையை நேரே காட்ட வேண்டாம், நடந்து முடிந்ததாகக் குறிப்பிடலாம்" என்று எழுதினால் வழி திறந்திருக்கிறது.

ஒவ்வொரு வேண்டாமையும் இப்படிச் சோதியுங்கள்: எழுதி முடித்தவர் இந்த வரியைத் தன் கதைக்குப் பக்கத்தில் வைத்து, இருக்கிறது அல்லது இல்லை என்று ஐயமில்லாமல் சொல்ல முடிகிறதா? "பிள்ளைகளுக்கு அடி விழுவது", "பாத்திரம் தற்கொலை செய்வது", "பாலியல் வன்முறை, பேச்சளவில்கூட", "நான் என்று தன்மையில் சொல்லும் கதை" எல்லாம் தேறும். "குணம் மாறிய பாத்திரங்கள் வேண்டாம்", "சலிப்பான கதை வேண்டாம்", "எழுத்துப்பிழை வேண்டாம்" தேறாது. இவை எழுத்தாளரின் திறமை மேல் வைக்கும் சந்தேகங்கள். யாரும் தன் பாத்திரத்தைக் கெடுக்கவேண்டும் என்று எழுதுவதில்லை. ஐந்திலிருந்து எட்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து என்று போனால் ஒருவர் எழுதும்போது நினைவில் வைத்திருக்கமாட்டார், ஏதோ ஒன்று தவறி விழும். சும்மா பிடிக்காதவற்றை "அவ்வளவாக விருப்பமில்லை" என்று வேறாக எழுதி, உண்மையில் தாங்கமுடியாதவற்றுக்கு மட்டும் பட்டியலை ஒதுக்குங்கள். கேட்டதையே அடைக்கும் வேண்டாமையும் பாருங்கள்: கோவலன், மாதவி இருவரையும் கேட்டுவிட்டு "திருமணத்துக்கு வெளியேயான உறவு வேண்டாம்" என்றால் எழுத்தாளர் எங்கே போவார்?

காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருவருக்கு ஏன் இது வேண்டாம் என்று நாங்களும் கேட்கமாட்டோம், எழுத்தாளரும் கேட்கக்கூடாது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய கதையைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் வைக்கும் மாற்று உலகக் கதைகளைப் பலரும் கேட்பீர்கள். ஒற்றைச் சிலம்பைப் பொதிந்துகொண்டு கஸ்தூரியார் வீதி நகைக்கடைப் படியேறும் கோவலன் என்று ஒரு வரி போதும், எழுதுபவருக்குக் கை பரபரக்கும். ஆனால் அந்தப் படி எந்த ஆண்டில் இருக்கிறது? கணவனுக்கு என்ன நடந்தது என்று அதிகாரத்தின் வாசலில் போய் நின்று கேட்கும் ஒரு பெண், பிறகு எரியும் ஒரு நகரம். இந்தக் கதையை எங்கள் ஊரில் வைத்தவுடன் 1981 இல் எரிந்த நூலகம் வரும், 1995 இடப்பெயர்வு வரும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை ஏந்திக்கொண்டு வீதியில் இருக்கும் தாய்மார் வருவார்கள். எழுத்தாளர் தேடிப் போகத் தேவையில்லை, அவை தானே வந்து நிற்கும். சிலருக்கு அதைத்தான் வாசிக்கவேண்டும். வேறு எந்தக் கதையும் அந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்யாது என்று நினைப்பார்கள். சிலருக்கு அது வீட்டுக்குள் நடந்தது. பரிசாக வரும் கதையைத் திறந்தவுடன் அதைச் சந்திக்க அவர்களால் இயலாது. இரண்டும் சரி. ஊகிக்கும் பொறுப்பை எழுத்தாளர் மேல் விடுவதுதான் சரியில்லை, ஏனென்றால் அவருடைய வீட்டிலும் ஒரு கதை இருக்கலாம். நவீன யாழ்ப்பாணத்தைக் கேட்கிறீர்கள் என்றால் போர், இடப்பெயர்வு, காணாமல் போதல் மூன்றையும் பெயர் சொல்லி, வரலாம், வேண்டாம், பின்னணியில் மட்டும் வரலாம் என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். "2009 க்குப் பிந்திய காலம், போர் நினைவாக மட்டும் வரலாம், சாவுகளை விபரிக்கவேண்டாம்" என்ற அளவு தெளிவு போதும்.

கண்ணகியை அம்மனாகக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிறவருக்கு அவளைக் காதல் காட்சியில் வாசிப்பது ஒவ்வாது. வேறொருவருக்கு அவள் காவியப் பாத்திரம் மட்டுமே. உங்களுக்கு எது என்று ஒரு வரி போடுங்கள். காதல், நெருக்கம் எந்த அளவு வரை வரலாம் என்பதையும் எல்லா மூலக்கதைக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

குறிப்பின் தொனி பற்றி. "கண்ணகியை அழுமூஞ்சியாக்கி எழுதும் கதைகளை வாசித்துக் களைத்துவிட்டேன், தயவுசெய்து அப்படி எழுதித் தொலைக்கவேண்டாம்" என்ற மாதிரி வரிகளை வாசிக்கும் எழுத்தாளர், எழுதும் நேரமெல்லாம் உங்கள் கோபத்தை அருகில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். ஒருவேளை அவரே போனமுறை அப்படி ஒரு கதை எழுதியிருப்பார். அதே செய்தியைத் திருப்பிப் போடலாம்: "தேவந்தி குளத்தில் நீராடிக் காமனைத் தொழச் சொன்னபோது, அது பெருமையில்லை என்று மறுத்த கண்ணகியின் அந்த உறுதி எனக்கு மிகவும் பிடிக்கும்." எழுதுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டது, அழுகை தானே குறையும்.

எந்தத் தமிழ் என்பதையும் எழுதுங்கள். உரையாடல் யாழ்ப்பாணப் பேச்சில் வந்தால் சந்தோசமா, பழைய நடை வேண்டுமா, இரண்டும் சரியா? ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்து, பின்னால் தமிழ் படித்த பிள்ளைகள் இந்தப் பரிமாற்றத்தில் இருக்கிறார்கள். நீண்ட புணர்ச்சி போட்ட செந்தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. சொன்னால் எழுத்தாளர் சொற்களைப் பிரித்து எழுதுவார்.

நீளம்: மொத்தக் குறிப்பும் 400 இலிருந்து 700 சொல். ஒரு மூலக்கதைக்கு 100, 150. மிச்சம் பொது விருப்பங்களும் வேண்டாப் பட்டியலும்.

பெட்டியில் இடம் காணாமல் தனிக் கோப்பாக வைப்பவர்கள் மூன்று விடயத்தைப் பாருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு எழுத்தாளரின் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றி, ஒருமுறை உங்கள் போனிலேயே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கூகுள் கோப்பாக இருந்தால் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்றவேண்டும். பூட்டியிருந்தால் எழுத்தாளர் அனுமதி கேட்க நேரும், கேட்டவுடன் அவருடைய மின்னஞ்சல் முகவரி உங்களுக்கு வந்துவிடும், யார் எழுதுகிறார் என்ற இரகசியம் அன்றோடு முடிந்தது. மூன்றாவது, குறிப்பில் உங்கள் முழுப்பெயர், வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம். புனைபெயர் போதும்.

படிவம் மூடியபின் குறிப்பை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகு ஒருவர் அதை வாசித்து எழுதத் தொடங்கியிருப்பார். நடுவில் ஒரு வேண்டாமை கூடினால், எழுதிய அரைக்கதை வீணாகிவிடும். தவிர்க்கமுடியாத ஒன்று இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள், நாங்கள் பெயர் சொல்லாமல் அவரிடம் கேட்கிறோம். புது யோசனை கூட்டுவதும் வேண்டாம். அவர் தன் தெரிவு பிழையோ என்று குழம்புவார்.

குறிப்பை வடிவாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. சொன்ன நாளுக்கு எழுதமுடியாமல் சிலர் விலகுவார்கள். அந்தக் கேட்புகளை வேறொருவர் ஐந்தாறு நாளில் எழுதிக் கொடுக்கவேண்டி வரும். அப்படி எழுதுபவர் உங்கள் மூலக்கதையை நன்கு தெரிந்தவராக இருப்பார் என்று சொல்லமுடியாது. ஏன் பிடிக்கும், மூலத்தில் எந்த இடம் என்று எழுதிய குறிப்புகளைத்தான் அவர்களால் அந்த நேரத்துக்குள் கையிலெடுக்க முடியும். "எதுவும் பரவாயில்லை" குறிப்புகள் கடைசிவரை ஆளில்லாமல் கிடப்பது இதனால்தான்.

அனுப்புவதற்கு முதல், அந்த மூலக்கதை தெரியாத ஒருவரிடம் குறிப்பை வாசிக்கக் கொடுத்து, "இதை எழுதியவருக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் குறிப்பு ஆயத்தம். அவர் கதைச் சுருக்கத்தைத் திருப்பிச் சொன்னால், காரணம் எழுதிய வரி போதவில்லை.

கதை கையில் வந்தபிறகு, பெயர் வெளியாகும்வரை காத்திராமல் பதில் எழுதுங்கள். "நன்றி, அருமை" என்பதோடு விடாமல் கதையில் ஒரு இடத்தைக் குறிப்பிடுங்கள். வேண்டாப் பட்டியலில் சொன்ன ஒன்று கதையில் இருந்தால் எழுதியவரோடு மோதவேண்டாம், எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். கதையை நிறுத்திவைத்து நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

படிவம் மூடும் நாள் இரவு 12 மணிவரை குறிப்பை எத்தனை தரமும் திருத்தலாம். இப்போதே பெயரைப் பதிந்துவிட்டு, பெட்டியைப் பிறகு ஆறுதலாக நிரப்புங்கள்.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர்கள்,
யாழ்ப்பாணம்.